பாண்டுப்பில் செல்லாத விதி

இன்று காலை ரவா இட்லிக்காக முந்திரியை நெய்யில் போட்டேன். வாசனை வந்ததும் உங்கள் மேல் கோபமும் வந்துவிட்டது. நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது, இன்னும் அடங்கவில்லை. என்ன செய்ய?

ரிடையர் ஆனதிலிருந்து உங்களுக்கு மொபைலும் பிரபஞ்சமும்தான். அதில் தப்பில்லை. நம் பெண் ஒரு மராட்டிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு மும்பைக்குள்ளேயே பாண்டுப்புக்குப் போனபோது அந்தப் பிரபஞ்சத்தை அவள் தலையில் போட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. "பிரபஞ்சமே விரிஞ்சுண்டிருக்குடி. எல்லாம் விலகிண்டேதான் இருக்கும். இவ மட்டும் என்ன?" என்று காபியை ஆற்றுவீர்கள். நம் மாட்டுங்காவிலிருந்து பாண்டுப்புக்கு ஸ்லோ லோக்கல் ரயிலில் அரை மணி. அதற்கு அண்டசராசரத்தையும் சாட்சிக்கு இழுத்த மனுஷர் நீங்கள் ஒருவர்தான்.

நானும் அந்த வீடியோக்களைக் கூட உட்கார்ந்து பார்த்தவள்தானே. ஒருநாள் தட்டில் இட்லியை வைத்தே கேட்டேன். "மாவு உப்பினா முந்திரி ஒண்ணைவிட்டு ஒண்ணு தள்ளிப் போறது, சரி. முந்திரியே உப்பறதா?" விரிவது தூரத்துக் கேலக்ஸிகளுக்கு நடுவே இருக்கும் வெளிதான். சூரியனும் பூமியும் மாதிரி ஈர்ப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவற்றை அந்த விரிவு பிரிக்காது. உங்கள் மொபைலே சொன்னதுதான்.

மென்றுகொண்டே யோசித்தீர்கள். "ஒத்துக்கறேன்."

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். "அப்போ ஞாயித்துக்கிழமை போயிட்டு வருவோமா?"

"சூரியன் எங்கேயாவது பூமியைத் தேடிண்டு போகுமாடி?"

தலையில் அடித்துக்கொண்டேன். "சூரியனும் கொஞ்சம் அசையத்தான் செய்யறதுன்னு நேத்து நீங்கதானே சொன்னேள்!"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை, பிடிவாதத்துக்கும்தான். அவளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

இப்போது அவள் வாராவாரம் வருகிறாள். இன்று சாப்பிடும்போது தலை நிமிராமல் கேட்டாள். "அம்மா, கடைசியில அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

எங்கே சொன்னீர்கள்? ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் ஆண்ட்ரமீடா கேலக்ஸிதான். "தூரத்துல இருக்கறதெல்லாம் விலகறது. ஆண்ட்ரமீடாவோ நம்மைப் பாத்து வந்துண்டே இருக்கு, தெரியுமோ?" என்றீர்கள். நான் ஹார்லிக்ஸ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஆத்திரத்தில் அதை ணங்கென்று மேஜையில் வைத்தேன்.

"சொன்னாரே," என்றேன் அவளிடம். "யார் விலகினாலும் நம்ம பொண்ணு நம்மைப் பாத்து வந்துண்டே இருப்பான்னார்."

தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். நானும்தான் அழுதேன். இனி அவள் கேட்கும்போதெல்லாம் இந்தப் பொய்யை நான் மாறாமல் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நீங்களே சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?