மாமாவும் நானும் கடலுக்குப் போறோம்

ஏங்க,

மாமாவக் கூட்டிக்கிட்டு திருச்செந்தூர்ல எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். பத்து நாள் இருப்போம். ராஜபாளையத்துலருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸு, பொறவு ரயிலு.

முதலாளி கார் கெடைக்கட்டும்னு மூணு வருசமா சொல்லுதீங்க. கார் இல்லாம அப்பாவ அனுப்ப மாட்டேன்னு நேத்தும் கத்துனீங்க. உங்க தங்கச்சி கல்யாணத்துக்குக் கார்ல போயி மாமா சம்பந்தி வேட்டியில வாந்தி எடுத்தது மறந்துபோச்சா? பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடச்சா அவியளுக்கு ஒண்ணும் செய்யாது.

புளிக்கொழம்பு சட்டியில இருக்கு, சுட வச்சுக்கோங்க. பீரோ சாவி அரிசிப்பானைக்குள்ள.

ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்க. பஸ்ஸுல.

இன்னொண்ணு. அப்பாவுக்குக் கடல் பாக்க ஆசைன்னு உருகுனீங்கள்ல? மாமாவுக்கு அப்படிக் கேக்கச் சொல்லிக்குடுத்ததே நாந்தான். எனக்குத்தான் எங்க ஊரு கடலப் பாக்கணும். ஆனா இப்ப செருப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு, "ஏட்டி, எழுதுனது போதும், பஸ்ஸு போயிரும்"னு சத்தம் போடுறது அவியதான்.