இரண்டு அழகுராஜா

ஷார்ஜா
11.8.2024

அண்ணனுக்குத் தம்பி மாரீஸ்வரன் எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். போன மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நடமாடுகிறேன். பாண்டீஸ்வரியிடம் வாய்வுக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மதினி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாக. தெருவே கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதியது அழியாது என்கிறார்கள். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் ஒரு மலையாளி. பேக்கரி வைத்திருந்தவர். மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் சம்சாரம் போன வாரம் என் குடோனுக்கு வந்தது. பேங்கு கணக்கை முடக்கிவிட்டார்களாம். கடைச் சாவி கையில் இருக்கிறது, திறக்க முடியவில்லை. உயில் பதிந்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். மறுநாளே ஒரு வக்கீலைப் பிடித்தேன். நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் உயில் பதிய இங்கே கோர்ட்டில் தனி இடம் இருக்கிறது. அரபியில் மொழிபெயர்த்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட்டை நீட்டினேன். "அழகுராஜா சின்னச்சாமி" என்று வக்கீல் வாசித்தார். ஏசி அறையில் எனக்கு வேர்த்துவிட்டது.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு தடவை வரிசையாகப் பார்த்துவிடுவோம். 1995இல் நான் எட்டாவது பெயில். பத்தாவது பாஸ் இருந்தால் தடையில்லாமல் விமானம் ஏறலாம் என்றான் ஏஜெண்டு. நீங்கள் உங்கள் பத்தாவது சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தீர்கள். அன்றையிலிருந்து இங்கே நான்தான் அழகுராஜா. உங்கள் பிறந்த தேதியில்தான் இங்கே எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். வேஸ்ட் துணி வியாபார லைசென்ஸ், பேங்கு, குடோன் எல்லாம் அந்தப் பெயரில். பாண்டீஸ்வரி ஆதாரில் கணவர் அழகுராஜா. ஜெகதீஸ்வரி பிறப்புச் சான்றில் தகப்பன் அழகுராஜா. அங்கே நீங்களும் அழகுராஜா. அப்பா பெயரும் ஒன்று.

இங்குள்ளதை எழுதுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் அங்கே, குமாரலிங்கபுரம் பக்கம் இருக்கும் பன்னிரண்டு ஏக்கரில். லீவில் வந்தபோது பாஸ்போர்ட்டைக் காட்டி நான் வாங்கினது. பிறகு பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நான் இங்கே இருந்ததால் உங்கள் ஆதாரைக் கொடுத்து ஏற்றினோம். ஆக, இன்றைக்கு அது உங்கள் நிலம். நான் போய்விட்டால் பாண்டீஸ்வரி எந்தக் காகிதத்தைக் காட்டி நிற்பாள்? உங்களுக்குப் பிறகு அது உங்கள் மகன் முகேசுக்குத்தான் போகும்.

சந்தேகப்பட்டு எழுதவில்லை. நான் வியாபாரி, நம்பிக்கையையும் பில் போட்டுத்தான் வாங்குவேன். ஜவுளிப் பூங்கா வருகிறது என்றதும் புரோக்கர் காளிராஜ் எனக்கே போன் போடுகிறான். உங்களை விட்டிருக்க மாட்டான். அருப்புக்கோட்டை ரிஜிஸ்டர் ஆபீசில் அந்த நிலத்தைப் பாண்டீஸ்வரி பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதிவிடுங்கள். உயில் வேண்டாம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

உங்கள் பெயரில் பிழைக்கும்
தம்பி மாரீஸ்வரன்


திருச்சுழி
2.9.2024

தம்பி மாரீசுக்கு,

உன் காகிதம் கிடைத்தது. படித்தேன், அடுப்பில் போட்டாயிற்று. நெஞ்சுக்கு ஒன்று என்றால் முதலில் என்னிடம் சொல்லமாட்டாயா? மாத்திரையை விடாதே. பரோட்டாவை விடு.

எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப வருஷம் கழித்தே நடக்கட்டும், நீ அங்கே போய்ச் சேர்ந்தால் அழகுராஜா காலமானார் என்று காகிதம் வரும். அதைத் தாலுகா ஆபீசில் கொடுத்தால் ரேஷன் கார்டில் யார் பெயரை அடிப்பார்கள்? விவசாயிப் பணம் யாருக்கு நிற்கும்? உன் மதினியிடம் கேட்டேன். "உசிரோட இருக்கையிலயே உங்களை ஆரு கண்டுக்கிறா, செத்தா மட்டும் தேடப் போறாகளாக்கும்" என்கிறாள்.

சிரிக்கத்தான் எழுதினேன். பத்திரத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன். இங்கே மழை ஏமாற்றிக்கொண்டு இருக்கிறது. மக்காச்சோளமா பருத்தியா என்று முடிவாகவில்லை.

அண்ணன்


ஷார்ஜா
20.9.2024

அண்ணே,

யோசிக்க என்ன இருக்கிறது? வாசகம் நானே எழுதி வைத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. முகேசைக் கார் ஓட்டச் சொல்லுங்கள், பாண்டீஸ்வரி ஆதாரோடு வந்துவிடுவாள். என்ன ஏது என்று அவளிடம் விளக்க வேண்டாம்.

இங்கே கோர்ட்டில் ஜனவரிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அங்கே முடிந்தால்தான் நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவேன். குடோனில் லோடு வந்து இறங்குகிறது, எண்ணிக்கையைச் சரிபார்க்கக்கூட மனசு நிற்கவில்லை. துணியை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது இந்தப் பன்னிரண்டு ஏக்கர்தான் முன்னால் வந்து நிற்கிறது. நடுவில் மார்பில் ஒரு குத்து. வாய்வாகவும் இருக்கலாம்.

மதினிக்கு இதில் வருத்தம் இருக்கிறதா? இருந்தால் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். பேசித் தீர்க்க முடியாதது எதுவும் இல்லை.

பதிலைச் சீக்கிரம் எழுதுங்கள்.

தம்பி மாரீஸ்


ஷார்ஜா
24.11.2024

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகிறது, ஒரு வரி இல்லை. போன் போட்டால் வயலில் இருக்கிறேன் என்கிறீர்கள். பாண்டீஸ்வரியைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

நேற்று காளிராஜ் பேசினான். "உங்க அண்ணன் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்து வெளிய வந்தாரு, முகேசு முன்னால போறான், இவரு மூஞ்சே சரியில்ல. நான் கும்பிட்டேன், பாக்காத மாதிரி போயிட்டாரு. என்ன அண்ணாச்சி, என்னைய விட்டுட்டு வேற ஆளை வச்சு முடிக்கிறீகளா?" என்கிறான்.

ஆபீஸ் வரை போயிருக்கிறீர்கள். பத்திரம் ஆகியிருந்தால் எனக்கு நகல் வந்திருக்கும். வரவில்லை. அப்படியென்றால் வேறு எதற்குப் போனீர்கள்? யாருக்கு எழுதினீர்கள்? முப்பது வருஷம் யாவாரம் பார்த்தவனுக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியாதா?

மனசில் உள்ளதைக் கேட்டுவிடுகிறேன். அந்தச் சர்டிபிகேட்டுக்கு வாடகை கேட்கிறீர்களா? கேளுங்கள், தருகிறேன். வருஷத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். பெண்டாட்டி பிள்ளை நிலத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மாரீஸ்வரன்


திருச்சுழி
16.12.2024

மாரீஸ்வரனுக்கு,

ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனது நிஜம். நீ எழுதிய வாசகத்தோடுதான் போனேன். பாண்டீஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பத்திரம் எழுதுகிறவர் இரண்டு ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். "கணவர் பேரு அழகுராஜா. ஓ, சம்சாரத்துக்கு எழுதுறீகளா? நல்லதாப் போச்சு, பீஸு கம்மி" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். கம்ப்யூட்டரில் பார்த்தால் "என் மனைவி பாண்டீஸ்வரிக்கு" என்று நிற்கிறது.

இல்லை, தம்பி மனைவி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ தம்பி பெயரும் அழகுராஜாவா என்பது. நீ மாட்டுவாய். பேசாமல் கையெழுத்துப் போட்டால் அரை மணியில் முடிந்துவிடும், நீ சொன்னது போலவே. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி, "எந்திரிங்க அத்தான், போவோம். இந்த நெலமே எனக்கு வேண்டாம்" என்றது. எழுந்து வந்துவிட்டோம். காளிராஜ் பார்த்தது அந்த மூஞ்சியைத்தான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் அழுதது. அதனால்தான் நானும் எழுதவில்லை.

வாடகை கேட்டிருக்கிறாய். 1998இல் வேலைவாய்ப்பு ஆபீசிலிருந்து எனக்குக் கார்டு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு நேரில் வரவேண்டும் என்று போட்டிருந்தது. ஒரிஜினல் உன்னிடம். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து வேறொன்று வாங்கியிருக்கலாம். விசாரணை வந்தால் எங்கே போய் முடியுமோ என்று பயம். அப்போதுதான் நீ முதல் குடோனைப் பிடித்திருந்தாய். காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். உன் மதினி மாரிக்கனிக்கு மட்டும் தெரியும். உன்னிடம் சொன்னால் பணம் அனுப்புவாய் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை.

நிலத்து விஷயம். பத்து நாளாக ஒரே யோசனை. பிறகு ஜெகதீஸ்வரிக்கு லீவு விட்டதும் அதைக் கூட்டிக்கொண்டு போனேன். வயசு இருபத்திரண்டு ஆகிறது, அது பேரிலேயே எழுதலாம். "மகளா?" என்று கேட்டார். "மகதான்" என்றேன். தம்பி மகள் வேறு யாராம்? இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து அது, "பெரியப்பா, பேனா எழுதல" என்றது. எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். முகேசு சட்டென்று, "வீட்ல செல்லமா அப்படித்தான் கூப்புடும்" என்றான். தன் பங்கு போகிறது என்று தெரிந்தும் சொன்னான்.

நகல் இத்துடன் இருக்கிறது. நிலம் இனி உன் மகளுடையது. சர்டிபிகேட் உன்னிடமே இருக்கட்டும். வாடகை வேண்டாம்.

அழகுராஜா


ஷார்ஜா
19.1.2025

அண்ணே,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். சரக்கு தரமில்லை என்று எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. 'அண்ணன்' என்று போடாமல் பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை முப்பது வருஷமாக நான்தான் தினம் எழுதுகிறேன். உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் என் கையெழுத்து கள்ளக் கையெழுத்தாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். அதற்கு முன்தினம் வக்கீலிடம், ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். குடோனில் பாதி என் அண்ணனுக்கு என்று எழுதச் சொன்னேன். அடையாளக் காகிதம் கேட்டார். நிலப் பத்திரத்தோடு நீங்கள் அனுப்பிய ஆதார் நகலைக் கொடுத்தேன். நகலில் போட்டோ கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு அழகுராஜா, அப்பா சின்னச்சாமி, பிறந்த தேதியும் இதுதான். இது உங்க ஆதாரு சார். உயில் எழுதுறவரு தனக்கே எழுதிக்க முடியாது" என்று சிரித்தார். வீட்டுக் காகிதம் மாறி வந்துவிட்டது என்று சொல்லி நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் அதிகாரி "அழகுராஜா?" என்று கேட்டார். முப்பது வருஷமாகத் தடுக்காத நாக்கு தடுக்கியது. ஆமாம் என்றேன். உயில் பதிவாகிவிட்டது. பாண்டீஸ்வரிக்கு இருக்கிறது, ஜெகதீஸ்வரிக்கு இருக்கிறது. முகேசுக்கும் ஒரு பங்கு எழுதியிருக்கிறேன். அவன் தகப்பன் அழகுராஜா என்று காகிதம் இருப்பதால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குடோனில் இருபது வருஷமாக லோடு இறக்கும் பெங்காலிக்குக்கூட எழுத முடிந்தது. உலகத்தில் நான் எழுதி வைக்க முடியாத ஒரே ஆள் நீங்கள்தான்.

நேற்று பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்தேன். கணக்கில் எண்பத்தொன்று வாங்கியிருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் பெயரையும் தேதியையும் தவிர வேறொன்றை நான் அதில் படித்ததில்லை.

நான் செத்த பிறகு உங்களுக்கு எதுவும் வந்து சேராது. உயிரோடு இருக்கும்போது கையில் கொடுத்தால்தான் உண்டு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் மதுரையில் இறங்குகிறேன். அங்கிருந்து பஸ்ஸில் வாரேன், கார் அனுப்ப வேண்டாம். சர்டிபிகேட் என் சட்டைப் பைக்குள் இருக்கும். மதினிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், தெருவே கேட்டாலும் பரவாயில்லை.

வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். எந்தப் பெயரும் சொல்லமாட்டேன். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

தம்பி