காலியாகப் போன பேருந்து

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? உங்கள் பேத்தி சாப்பிட அடம்பிடிக்கிறாளா? நான் நலம்.

பெண் ஒருத்தி பேருந்து ஓட்டி இந்தச் சிற்றூரில் யாரும் பார்த்ததில்லையாம். முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் என்னைக் கண்டதும் ஏறியிருந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். “பொம்பளைய நம்பி உசுர விடச் சொல்றியா?” என்று ஒருவர் நடத்துநரிடம் சண்டைக்கே போய்விட்டார். நடத்துநர் அண்ணன் என் பக்கம் திரும்பி, “நேரமாச்சு, நீ எடும்மா,” என்றார். காலி வண்டியை ஒரு நிறுத்தம் விடாமல் நிறுத்தி ஓட்டினேன்.

மறுநாள் யாரோ கல்லெறிந்தார்கள். கண்ணாடி தெறித்து நெற்றியில் சின்னக் கீறல், இரண்டே தையல்தான். உங்கள் மகனிடம் மூச்சு விடாதீர்கள். போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவார்.

நேற்று கட்டோடுதான் வேலைக்குப் போனேன். துணி ஆலைக்குப் போகும் பெண்கள் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். “இந்த வண்டியில ஏறக் கூடாதுன்னு வீட்டுல சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க,” என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி ஏறினாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டுதான் கியரைப் போட்டேன்.

பேத்தியின் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள் அத்தை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான். துவைத்துவிட வேண்டாம்.

வண்டி எடுக்க வேண்டும், நிறுத்தத்தில் ஆள் காத்திருப்பார்கள்.

உங்கள் மருமகள்