ராஜாமணியின் இஞ்சினை நான் பழக்கவில்லை

தில்லைக்காளி துணை

கடலூர் முதுநகர்
பங்குனி மாதம், 1968

அன்பு மகன் சிரஞ்சீவி பூவராகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. உனக்குப் பேர் குடுத்த சுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலில் தீர்த்தமாடிவிட்டுப் போனார், உன் பேருக்குத் தேங்காய் உடைத்தேன், அந்தப் புண்ணியத்தில் கான்பூரில் நீ குறையில்லாமல் இருப்பாய். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, லாஞ்சு ஓடுகிறது, வஞ்சிரம்தான் அவ்வளவாகப் படவில்லை.

அங்கே ரூமில் சத்தம் போடக்கூடாதென்று பொங்கலுக்கு வந்தபோது நீ என்னிடம் விட்டுப்போன, உன் பொம்மை ஹெலிகாப்டருக்கான சின்ன இஞ்சின் முழுசாகப் பழகிவிட்டது. பழைய அரிவாமணைப் பலகையில் திருகி முடுக்கிக் கிணற்றடியில் வைத்து, நீ எழுதினபடியே எண்ணெய் விடுகிற ஊசியை நிறையத் திறந்துவிட்டு, ஸ்பிரிட்டில் கலந்த விளக்கெண்ணெய் புகையாய்த் துப்பத் துப்பக் கொஞ்ச நேரம் இருமவிட்டு நிறுத்தி, நன்றாக ஆறினபிறகுதான் மறுபடி ஓட்டினேன். ஊசியை மயிரிழை மயிரிழையாக மூடிக்கொண்டே வந்து இப்போது வண்டு மாதிரி ஒரே சுருதியில் பாடுகிறது. ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே நிற்கிற பொருள், எதிர்க்காத்து அடிக்காது, இஞ்சினுக்குச் சூடு ஜாஸ்தி ஏறும், பொறுமையாகப் பழக்கும்மா என்று சொன்னாயே, அவசரமே படவில்லை. பக்கத்து வீட்டு வேலம்மாள் வேலிக்கு அந்தண்டை நின்றுகொண்டு, ஸ்பிரிட் வாசனை வருதே அக்கா, மதுவிலக்கு போலீஸ் வந்தா எங்க வூட்டையும் சேத்து இல்ல சோதிப்பாங்க என்றாள். வரட்டும், உன் வீட்டுக்காரர் வாயை முதல்ல மோந்து பாக்கச் சொல்றேன் என்றேன், அதோடு உள்ளே போய்விட்டாள்.

போன கடுதாசியில் நீ, ராஜாமணி சித்தப்பா பிள்ளைதானே, பழசை மறந்துடும்மா என்று எழுதியிருந்தாய். நீ மறக்கலாம். பொம்மை விமானம் விடுகிற டில்லி முகாமுக்கு ஒரே ஒரு பையனை எடுக்கப்போகிறார்கள் என்றிருந்த சமயத்தில் நீ ஜுரத்தில் படுத்தாய், ஒரு நாள் பாத்துட்டுத் தரேன் பெரியம்மா என்று உன்னுடைய முதல் இஞ்சினை என் கையிலிருந்துதான் வாங்கிப்போனான். எண்ணெயைக் குறைத்து, ஊசியை இறுக்கி, பழகாத இஞ்சினை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்டிப் பிஸ்டனைக் கவ்வ வைத்தான். அண்ணனுக்கு இஞ்சின் பழக்கத் தெரியாது, கெடுத்து வச்சிருந்தான் என்று அதிகாரிகளிடம் சொல்லி உன் இடத்தில் அவன் ரயில் ஏறினான். உன் சித்தப்பா சிங்காரம் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் புள்ளை வலை இழுக்கத்தான் லாயக்கு என்றார், பந்தியே சிரித்தது. நான் பாதிச் சோற்றில் எழுந்துபோய்த் தில்லைக்காளியிடம் கேட்டேன், இவன் செய்தது இவன் கையாலேயே இவனுக்கு வரவேண்டும் என்று.

அவள் அவனையே என்னிடம் அனுப்பினாள். தை கடைசியில் ராஜாமணி புது இஞ்சினோடு வந்து நின்றான். சிதம்பரம் மைதானத்தில் அதிகாரிகள் முன்னால் விமானம் விட்டுக் காட்டவேண்டுமாம், நன்றாகப் பறந்தால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற உத்தியோகம் அவனுக்காம். உங்க கை ராசியான கை பெரியம்மா, எனக்கும் பழக்கிக் குடுங்க, எனக்கு நேரமில்ல என்றான். வச்சிட்டுப் போ என்றேன். பழக்கித் தருகிறேன் என்று என் வாயால் சொல்லவில்லை. துடைத்து, எண்ணெய் விட்டு, காளி படத்துக்குக் கீழே வைத்தேன், ஒரு நாள்கூட ஓட்டவில்லை. திரும்ப வந்து ஆச்சா பெரியம்மா என்றான், எடுத்துக்கினு போ ராசா என்றேன். இஞ்சின் விசிறியை விரலால் ஒரு தரம் தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பழகாத இஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது இறுக்கிப் பிடிக்கும். அதைக்கூட அவன் பார்க்கவில்லை.

போன ஞாயிறு நானும் பஸ் ஏறிப் போய் மைதானத்து ஓரமாக நின்றேன். அவன் கையில் பிடித்த கம்பியில் கட்டின சின்ன விமானம் கீச்சென்று கிளம்பி அவனைக் கொஞ்சம் சுற்றியது, பிஸ்டன் கவ்விச் சத்தம் பட்டென்று அறுந்தது, மூக்குக் குத்தித் தரையில் விழுந்தது. பார்த்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய் எண்ணெய்க்காப்புக்குக் குடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை உன் சித்தப்பா வீட்டில் மூன்று பேரும் வந்தார்கள். வருகிற ஞாயிறு இன்னொரு தடவை பார்க்கிறோம் என்று அதிகாரிகள் இரக்கப்பட்டிருக்கிறார்கள், அதற்கு உன் இஞ்சின் வேண்டுமாம். உன் சித்தி புஷ்பவள்ளி, தெரிஞ்சே செஞ்சீங்களாக்கா என்றாள். ஆமாம் என்றேன். சிங்காரம், புள்ளை பொழப்பு அண்ணி, மனசு வைங்க என்றார். பந்தியைச் சிரிக்கவைத்தவர் இப்போது தலையைத் தூக்கவில்லை. அன்னைக்கு இஞ்சினைக் கெடுத்தது யாருடா என்று ராஜாமணியைக் கேட்டேன். நான்தான் பெரியம்மா, அண்ணன் இல்ல என்றான். அப்பா உடனே, சொல்லிட்டான் இல்ல, குடுத்துடு அமிர்தம் என்றார்.

நான் இஞ்சினைப் பலகையோடு எடுத்துவந்து கிணற்றடியில் வைத்து, பேட்டரி கம்பியை மாட்டி, விசிறியைத் தட்டிவிட்டேன். முதல் தட்டிலேயே எடுத்தது. ஊசியைத் திருகி அந்த ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். ராஜாமணி முகத்தைப் பார்க்கணுமே நீ, பசித்தவன் சோத்துப் பானையைப் பார்க்கிற மாதிரி. கேட்டுக்கோ, நீ கெடுத்தியே, அதுவும் இப்படித்தான் பாடியிருக்கும் என்று சொல்லி, எண்ணெய்க் குழாயை விரலால் நசுக்கி நிறுத்தினேன். சூடு ஆறட்டும் என்று விட்டேன். துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். புஷ்பவள்ளி காபியைத் தொடாமல் போனாள்.

அப்பா மனசு இளகுகிறவர், சாவி இருக்கிற இடமும் அவருக்குத் தெரியும். அதனால் இஞ்சினை இன்றைக்கே உன் பேருக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் அது யார் கைக்கும் கிடைக்காது. அவனுக்கு அந்த உத்தியோகம் இல்லை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, பார்சல் வந்ததும் ஒரு கார்டு போடு. காளி உன் கையில் குடியிருந்து உன்னை உயர்த்துவாள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
ப. அமிர்தம்