இடப்பக்கச் சீட்டுக்காரருக்கு

இன்று காலை, இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகக் காரின் ஹீட்டரைப் போட்டேன். என் கால் சூடேறுவதற்கு முன்னரே உமது தைல மணம் எழும்பிவிட்டது. கழுத்திலும் நெற்றியிலும் பூசிக்கொண்டு வந்து சாய்ந்திருந்து, அந்த இடப்பக்கச் சீட்டின் துணிக்குள் அதை இறக்கிவிட்டுப் போய்விட்டீர். என் மனைவி சோடாப்பொடி தூவிப் பார்த்தாள், நான் எலுமிச்சைத் தோல் வைத்துப் பார்த்தேன். குளிர் தொடங்கினால் நீர் வந்துவிடுகிறீர். அதுவும் சூடு போட்டால்தான் வருகிறீர். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். "முதலிலை ஹீட்டரைப் போடும் ஐசே, பிறகு ஏறுறன்" என்று வாசலில் நின்ற ஆள்தானே.

கடைசிக் காலத்தில் உம்மை 'நீங்கள்' என்றுதான் அழைத்தேன். ஏனென்று உமக்குத் தெரியும். ஆனால் ஒரு முழுக் கடிதத்தை அப்படி எழுதினால் டேனிஷ் கொமியூன் அலுவலகத்துக்கு மனுப் போடுவதுபோல் இருக்கிறது. அதனால் பழையபடி 'நீர்'. கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம்.

எங்கள் பழைய கார் வாகனச் சோதனையில் தோற்ற நாட்களை நினைத்துப் பாரும். நானும் ஊரில் ஓ.எல். சோதனையில் இரண்டு தரம் தோற்றவன் என்பதால் அதன் மேல் எனக்கு ஓர் இரக்கம் இருந்தது. ஒரு சின்ன மின்சாரக் கார் போதும் என்றாள் மனைவி. நான் சில்க்போர்க்கிலிருந்து சீஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகவேண்டும், வழியில் வீபோர்க்கில் தாதியர் படிப்புப் படிக்கும் மகளை இறக்கவேண்டும், சனிக்கிழமை அரிசி மூட்டை ஏற்றவேண்டும். இதற்கு எவனுக்கு வேகக் கார் வேண்டும்?

அப்போதுதான் நீர் எங்கள் வீட்டுச் சமையலறையில் தேநீரோடு இருந்து கைபேசியை எட்ட நீட்டி, தலையைச் சரித்து, ஒரு படத்தைக் காட்டினீர். சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட ஸ்டேஷன் வாகன்.

"ஜப்பானிலையிருந்து இறக்கினது ஐசே. டேர்போ. நாலு சில்லும் இழுக்கும். பின்னாலை ஒரு வீட்டுச் சாமான் கொள்ளும். பாரும், பொனட்டிலை காத்து வாங்க மூக்கு வைச்சிருக்கிறான்."

"ஸ்டியரிங் வலப்பக்கமெல்லோ காணும்?"

"ஊரிலை நீர் எந்தப் பக்கம் இருந்து ஓடினனீர்?"

"ஊரிலை நான் சைக்கிள் ஓடினனான். அதுக்கு நடுவிலை."

மகள் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார், ஏ டு ஸ்கோர்?" என்றாள். எனக்குப் பைத்தியமா என்று கேட்கிறாள். டேனிஷில் கேட்டால் தகப்பனுக்கு மரியாதைக் குறைவு இல்லை என்பது அவள் எண்ணம். மனைவிதான் சரியான கேள்வியைக் கேட்டாள். இங்கே எல்லோரும் வலப்பக்கமாகப் போகிற நாடு. முன்னால் போகிற வண்டியை முந்துவதென்றால் இடப்பக்கம் விலகவேண்டும். வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. முன்வண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும். பிறகு எப்படி முந்துவது?

"அதுக்கு நான் இருக்கிறன் தங்கச்சி," என்றீர். "நானும் இவரோடைதானே வேலைக்குப் போறன். இடப்பக்கம் இருந்து பாத்துச் சொல்லுறன்."

அந்த வாரமே உமது காரை விற்றீர். ஒரே வேலைக்கு இரண்டு பேர் இரண்டு காரில் போவது சூழலுக்குக் கூடாது என்றீர். டென்மார்க்கில் அந்த வார்த்தைக்கு யாரும் மறுவார்த்தை சொல்ல முடியாது. நான் எண்ணெய் குடிக்கிற டேர்போ வாங்க, நீர் சூழலைக் காப்பாற்றினீர்.

அந்தக் காரோடு எனக்கு நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரித்தவர் நீர் ஒருவர்தான். கார்த் திறப்பைத் திருப்பியதும் உள்ளிருந்து ஒரு ஜப்பான்காரி ஏதோ மரியாதையாகச் சொல்லுவாள். என்ன சொல்லுகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. "மனிசிக்குத் தெரியாம வைச்சிருக்கிறீர்," என்பீர். ஜப்பான் மட்டும் தெரிந்த வழிகாட்டித் திரையில் நாங்கள் எப்போதும் கடலுக்கு நடுவில் நின்றோம். வானொலியில் ஒரேயொரு நிலையம் பிடித்தது. இடப்பக்கம் திரும்பச் சமிக்ஞை போடப் போனால் கண்ணாடி துடைக்கும் துடைப்பான் ஓடும். "மழை வரப்போகுது எண்டு அதுக்கு முதலே தெரியுது ஐசே." கார் நிறுத்துமிடத்தில் சீட்டுத் தருகிற மெஷின் உமது பக்கம் இருந்தது. நீர் கையை நீட்டித் தடவித் தடவி எடுத்துத் தருவீர். பகிடிக்குத் தடவுகிறீர் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

டோஸ்ட்ருப்பில் மச்சான் வீட்டுக்குப் போனபோது, வந்திருந்த ஆண்கள் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து பொனட்டைத் திறந்து காட்டினேன். "ஆர் எடுத்துத் தந்தது?" என்று கேட்டார்கள். "நானே தேடி எடுத்தது," என்றேன். நீர் பக்கத்தில் நின்று, "ஓம், அவர்தான் தேடினவர்," என்றீர்.

ஊரில் நீர் கொஞ்சக் காலம் பஸ் கொண்டக்டராக இருந்தவர். அந்தக் குரல் போகவில்லை. பஸ்ஸை எடுக்கச் சொல்ல எங்கள் கொண்டக்டர்மார் கத்துகிற அதே 'றைற்'தான் எங்கள் காரிலும். வலப்பக்கம் திரும்பச் சொல்லுகிறீராக்கும் என்று மகள் தொடக்கத்தில் குழம்பினாள். "வலம் இல்லைப் பிள்ளை, றைற் எண்டா விடு எண்டு அர்த்தம்," என்று விளக்கினீர். 'றைற்' என்றால் போகலாம். 'பொறும்' என்றால் நிற்கவேண்டும். இரண்டே சொல். ஆனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் 'பொறும்'தான். தலையை ஒரு பக்கம் சரித்து, சேவல் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் றோட்டைப் பார்த்து, "பொறும்... பொறும்..." என்பீர். ஜப்பானில் மலைப்பாதைகளில் பறந்த வண்டி சில்க்போர்க்கில் ட்ராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. தொழிற்சாலையில் வேலைசெய்யும் டேனிஷ் பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்து எங்களுக்கு முன்னர் கார்ட் அடித்த நாளும் உண்டு. அவதானமான மனிதர் என்று உம்மை வீட்டில் புகழ்ந்தேன். என் பிள்ளையை நம்பி விடலாம் என்று மனைவிக்குச் சொன்னேன்.

மகளுக்கு வாய்மொழிப் பரீட்சை இருந்த காலையை நீர் மறந்திருக்கமாட்டீர். வழியில் றோட்டு வேலை. அது முடிய, எங்களுக்கு முன்னால் வயலுக்குச் சாணிக் கரைசல் கொண்டுபோகும் பெரிய தாங்கி வண்டி. ஜன்னலை மூடியும் மணம் உள்ளே வந்தது.

"மாமா, ஒருக்கா முந்தச் சொல்லுங்கோவன்," என்றாள் மகள், பின்சீட்டில் இருந்து. "இந்த மணத்தோடை போனா அவங்கள் கேள்வி கேக்காமலே அனுப்பிப்போடுவாங்கள்."

"பொறு பிள்ளை."

"அப்பா வேகமான கார் வாங்கினவர் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். எனக்கு வெக்கமா இருக்கு."

"நேரம் போகுது ஐசே," என்றேன் நானும். "வடிவாப் பாத்துச் சொல்லும்."

நீர் தலையைச் சரித்தீர். வழமையைவிடக் கூடுதல் நேரம் பார்த்தீர். பிறகு கொண்டக்டர் குரலில் இல்லாமல், மெல்லிய குரலில் சொன்னீர்: "றைற்."

நான் விலகினேன். முன்கண்ணாடி முழுக்க ஒரு லொறி. மகள் கத்தியது டேனிஷா தமிழா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் காரின் வேகம் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. அதன் பிரேக் உதவியது. தாங்கிக்குப் பின்னால் திரும்ப நுழைந்தபோது லொறியின் காற்று எங்களை உலுக்கிவிட்டுப் போனது. ஹோர்ன் சத்தம் கனதூரம் கேட்டது.

"வெயில் கண்ணிலை அடிச்சுப்போட்டுது," என்றீர்.

வானம் முழுக்கச் சாம்பல். இந்த நாட்டில் வெயில் அடித்தால் ஆட்கள் வேலையை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். அன்று ஒருவரும் நிற்கவில்லை.

கொஞ்சத் தூரம் போனபிறகு மகள் மிகவும் அமைதியாகக் கேட்டாள். "மாமா, அந்த லொறி என்ன நிறம்?"

"ஏன் பிள்ளை... வெள்ளை."

"சிவப்பு, மாமா."

வீபோர்க்கில் அவள் இறங்கி, என் பக்கம் சுற்றி வந்து, ஜன்னலுக்குள் குனிந்து காதோடு சொன்னாள். "அப்பா, மாமாவுக்கு நடுவிலை தெரியேல்லை. ஓரத்தாலை மட்டும்தான் பாக்கிறார். நாங்கள் இதைப் படிச்சனாங்கள்." சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போனாள்.

தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தியும் நாம் இறங்கவில்லை.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"இந்தக் கார் வாங்க முதலே. டொக்டர் கார் ஓடக்கூடாது எண்டிட்டான்."

"அப்ப உம்மடை காரை வித்தது சூழலுக்காண்டி இல்லை."

நீர் சிரித்தீர். நான் சிரிக்கவில்லை.

"என்னட்டைச் சொல்லியிருந்தா ஏத்திக்கொண்டு வந்திருப்பனே. எந்தக் காரெண்டாலும் ஏத்தியிருப்பனே."

"ஏத்துவீர். அது தெரியும்," என்றீர். "அரிசி மூட்டையும் ஏத்துறனீர்தானே. வேறை கார் எண்டா நான் அதுமாதிரித்தான். ஸ்டியரிங் வலப்பக்கம் எண்டா உமக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வேணும். அந்த ஆளா இருப்பம் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தேடி எடுத்ததாகப் பொனட்டைத் திறந்து காட்டிய கார் என் தெரிவே இல்லை. நீர் உமக்கு ஒரு சீட்டைத் தெரிந்தீர். மிச்சக் காரை என் தலையில் கட்டினீர்.

"பின்னாலை என்ரை பிள்ளை இருந்தது," என்றேன்.

நீர் சீட் பெல்ட்டைத் தடவித் தடவிக் கழற்றினீர். 

"நாளைக்கு நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ," என்றேன்.

நம்மவர்களுக்கு இது விளங்கும். 'நீர்' என்று பழகியவனை ஒருநாள் 'நீங்கள்' என்றால், அது மரியாதை இல்லை. கதவைச் சாத்துகிற சத்தம். நீர் அதைக் கேட்டீர். கண் போனாலும் உமது காது நல்ல காது.

நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கண்ணை ஒளித்ததற்காக நான் உம்மைக் குற்றம் சொல்லமாட்டேன். பார்வை போகிறது என்று வேலைத்தலத்தில் சொல்ல எனக்கும் வாய் வந்திராது. அத்தனை 'பொறும்' சொன்னீரே, அதற்கு நன்றியும் சொல்லுவேன். தெரியாதபோது நிற்கச் சொன்னீர், சரி. ஆனால் அன்றும் உமது வாயில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்றைச் சொல்லியிருந்தால் என் மகள் பரீட்சைக்குப் பிந்தியிருப்பாள், அவ்வளவுதான். பிந்துவாள், கத்துவாள், வேறொரு நாள் கேட்டு எழுதிப் போடுவாள். மற்றதைச் சொன்னால் என்ன ஆகும் என்று உமக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு பிள்ளை கேலி செய்துவிட்டாள் என்று, உமது மானத்துக்காக என் பிள்ளையை எடுத்து நடு றோட்டில் வைத்தீர். உமது மடியில் இருந்து சோறு தின்ற பிள்ளை.

நீர் பஸ்ஸில் போனீர். பிறகு வேலையையும் விட்டீர். கடையில் கண்டால், "சுகமா இருக்கிறீங்களா?" என்பேன். "ஓம், இருக்கிறன்," என்பீர், என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்து. அப்படியே ஒரு மாரிக் குளிரில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்.

உமது செத்த வீட்டில் நடந்ததை உமக்குச் சொல்லவேண்டும். சடங்கு முடிந்து கோப்பியும் வடையும் தந்தார்கள். வாயில் வடையோடு நின்ற என் கையை உமது மனைவி பிடித்துக்கொண்டார்.

"கண் தெரியாத மனிசனை இவ்வளவு காலம் ஏத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள் தம்பி. எனக்குக்கூடக் கடைசியிலைதான் சொன்னவர். 'அவனுக்கு மட்டும் முதல் நாளே சொன்னனான், அவன் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கமாட்டான்' எண்டு சொல்லிச் சொல்லி அழுவார்."

வாயிலிருந்த வடையை அப்படியே விழுங்கினேன். 

"உங்கடை வேலை நேரம் மாறினபடியாத்தானே அவர் பஸ்ஸிலை போகவேண்டி வந்தது," என்றார். "இல்லாட்டி நீங்கள் விட்டிருக்கமாட்டியள்."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் என் தோளில் தட்டினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதனா என்றார். நான் என்ன சொல்லுவது? உம்மைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து நின்று, இவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லவா? உயிரோடு ஒரு தரம் ஏமாற்றினீர். செத்தபின் என்னைப் புண்ணியவானாக்கி இன்னொரு தரம் ஏமாற்றினீர். முதலாவதற்குச் சண்டை பிடிக்கவாவது ஆள் இருந்தது.

காரை விற்கச் சொல்லி மனைவி சொல்லுகிறாள். வலப்பக்க ஸ்டியரிங்கும் தைல மணமும் உள்ள காரை எவன் வாங்குவான் என்று சமாளிக்கிறேன். மகள் இப்போது வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். லீவு நாட்களில் உமது சீட்டில் ஏறி இருக்கிறாள். ட்ராக்டர் வந்தால் எட்டிப் பார்த்து, உமது குரலிலேயே "றைற்!" என்கிறாள். அந்தச் சொல்லை அவள் உம்மிடம்தான் எடுத்தாள். எனக்குக் கால் அசையாது. 

"என்ன நிறம்?" என்று கேட்பேன்.

"ஒண்டும் வரேல்லை அப்பா! வராததுக்கு என்ன நிறம் சொல்லுறது?"

அவள் சொல்லுவது நியாயம். ஆனாலும் நான் முந்துவதில்லை. 

உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மணமும் அந்த ஒரு சொல்லும்தான்: பொறும். முன்னால் போகிற ட்ராக்டரைப் பொறுக்க எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். உம்மைப் பொறுக்கத்தான் இன்னும் வரவில்லை, ஐசே.