உண்ணி பிடுங்கிய ஞாயிறு

13-8-1967, மாயாபந்தர்.

உடன் தங்கியிருக்கும் சுப்பையாவின் பாயில் காலையில் ஓர் உண்ணி ஊர்ந்தது. "ராத்திரிக்குள்ள ஒன் நாயை உண்ணியில்லாம சாஃப் பண்ணுலே. இன்னொண்ணு பாத்தேன்னா, மழையானாலும் அது வெளியதான்" என்றான்.

குட்டை மயிர் நாய்க்குச் சீப்பு உதவாது. தேங்காய் மட்டையால் மயிருக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்த்தேன். ஒர்க்‌ஷாப் இடுக்கியால் காது, விரலிடுக்கு எல்லாம் தேடி உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டேன். நாய் ஒரு தரம்கூட உறுமவில்லை.

ராத்திரி சுப்பையா டார்ச் அடித்துத் துருவிப் பார்த்தான்.

"டீக் ஹை. நாய் உள்ள படுக்கட்டும்."

அப்படியே டார்ச்சை என் பக்கம் திருப்பினான். பனியன் தோளில் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

"பேச்சு மாறக்கூடாதுல்லா. நீ வெளிய போ."

நாய் அவன் காலடியில் தூங்குகிறது. நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாரலில் மை கரைகிறது. போதும்.