ரியான் என்றால் ஏகாம்பரம்

வியாழன், 4
வெயில். காலை ஏழுக்கே சட்டை நனைந்துவிட்டது. ஞாயிறு பையனுக்குக் காதுகுத்து. வாங்க வேண்டியது: தேங்காய், வெற்றிலை, கதம்பம், டயபர்.

கம்பெனி பஸ்ஸில் பையன் பேரை மறுபடி போனில் பார்த்தேன். ரியான்: அயர்லாந்துப் பேராம். குட்டி ராஜா என்று அர்த்தமாம். இன்னொரு இடத்தில், அரபி, சொர்க்க வாசல். எதிலும் ஏகாம்பரம் இல்லை. எப்படி இருக்கும்? அது நான் கட்டிவிட்ட கதை.

எங்கள் வீட்டில் முதல் பேரனுக்குத் தாத்தா பேர்தான். ஏகாம்பரம் என்று வைத்தால் ஆபீஸில் சிரிப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். "ரியான்னாலும் உன் பேரோட அர்த்தம்தான்பா, சமஸ்கிருதம்" என்று அப்பாவிடம் அளந்துவிட்டேன். தெரு முழுக்கச் சொன்னார். இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை.

வெள்ளி, 5
வேலை முடிந்து அப்பா வீடு. தறியில் பையனுக்குக் குட்டிப் பட்டு வேட்டி, அரக்குக் கரை. "பேரனுக்கு மொத வேட்டி. கடையிலயா வாங்குவாங்க?" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"காபி சாப்டுறியாபா?" என்றார் அதற்குள்.

குடித்தேன். பஸ் ஏறிச் செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். கோழை.

ஞாயிறு, 7
ஏகாம்பரநாதர் கோயில். மச்சான் மடியில் பையன், ஒரே அழுகை. மனைவி வீட்டார் இருபது பேர். அர்ச்சனைக்குப் பேர் கேட்ட குருக்கள், "ரியானா? புதுசா இருக்கே. என்ன அர்த்தம்?" என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார்.

அப்பா முந்திக்கொண்டார், உரக்க: "ஏகாம்பரம்னு அர்த்தம் சாமி. என் பேருதான். என் புள்ள தேடிக் கண்டுபுடிச்சான்."

தலையாட்டினேன். சுவாமி எதிரில். தீபாராதனை காட்டும்போது நிமிரவில்லை. வெட்கங்கெட்டவன்.

திங்கள், 8
லீவு. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அப்பாவிடம் போனேன். தறியில் இருந்தார். நிமிராமலே கேட்டார், "குட்டி ராஜாவுக்குக் காது வலி எப்பிடிக்குது?"

அந்த அர்த்தத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"எப்போ தெரியும்பா?"

"பேர் வெச்ச வாரமே. எதுத்த வூட்டுப் பொண்ணு போன்ல பாத்து சொல்லிச்சு."

"பின்ன ஏன்பா சாமி எதிர்ல அப்படிச் சொன்ன?"

"உன் மாமனாரு வூட்டு ஜனம் அத்தினி பேரும் உன் மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தாங்க."